தேக்கடியில் படகேறும் முன்...

கோடை விடுமுறை வந்துவிட்டால் கம்பம் வழியாகக் குமுளி மலையேறும் குடும்பங்கள் பெருகிவிடுகின்றன. அன்பு வாசகர்களே, அவர்களுள் தாங்களும் ஒருவராக இருக்கலாம். தேக்கடியில் நாம் காண்பது இயற்கை ஏரியன்று. பென்னி குவிக் முன்னின்று கட்டி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீர் அது. அன்று மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. காண அழகுதான், ஆனால் தலை தெரியாமல் நீருக்குள் மறைந்து நிற்கும் கட்டைகளும் உண்டு.

2009 செப்டம்பர் 30 அன்று மாலை 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு இந்நீரில் கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டனர், படகு சாய்ந்தது என்று தப்பியவர்கள் கூறினர். மேல்தட்டில் பலர் எழுந்து நிற்கும்போது பாரம் உயர்ந்து, படகின் நிலைப்பு குறைகிறது. அப்பாரம் ஒருபுறம் ஒதுங்கினால் நிமிர்வது கடினம். ஆகவே யானையே வந்தாலும் அமர்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். பிள்ளைகளுக்கும் இதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை நம் பெண்கள் சிலர் கூச்சத்தால் புர்காவுக்குள் அணிகிறார்கள். அது தவறு. நனைந்த துணி கனக்கும். எல்லா உடைக்கும் மேலே அணிந்து வார்களை இறுக்க வேண்டும். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், நீரில் விழுந்தவுடன் அது தலைவழியே கழன்றுவிடும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் வேறு அளவு கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், நாம் கட்டணம் செலுத்தியவர்கள்.

மூங்கில் தெப்பத்தில் துடுப்புப் போட்டுச் செல்வதும் இங்குண்டு. அதில் நீரோடு இன்னும் நெருக்கம். எழுந்து நிற்பதை அறவே தவிர்க்கவும்.

நான் குடும்பத்துடன் சென்றிருந்தபோது முதியவர் ஒருவர், "அல்லாஹ் காப்பான், இதெல்லாம் எதற்கு?" என்று ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மதரஸாவில் தவக்குலைப் பற்றிப் பாடம் நடத்தும் எனக்கு வாய் திறக்கத் துணிவு வரவில்லை, வயதில் மூத்தவராயிற்றே! அருகிலிருந்த பேத்திதான், "அப்பா, பூட்டு இல்லாமலா வீட்டை விட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுக் கைகளை நீட்டினார். அவளே வார்களைக் கட்டிவிட்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டோம், படகு புறப்பட்டது.