ஊட்னடாட்டா தடமும் பத்து லட்சம் வருடத் தண்ணீரும்

ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காக நடுவில் பிளந்துகொண்டு போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை வரைபடத்தில் பாருங்கள். கூபர் பீடி வழியாக அதிகம் சுற்றாமல் மேலே ஏறுகிறது. அதற்குக் கிழக்கே 150 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பாதை இருக்கிறது. மாரீ என்ற ஊரில் தொடங்கி வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லாவில் நெடுஞ்சாலையோடு சேரும் 620 கிலோமீட்டர் மண் ரோடு. ஊட்னடாட்டா தடம் என்று பெயர். பழைய தந்திக் கம்பி போனது இந்தப் பக்கம்தான். பழைய ரயில் போனதும் இந்தப் பக்கம்தான்.

எனக்கு உறுத்திய விஷயம் இது. அந்தக் கண்டத்தின் மிகத் தாழ்வான, மிகச் சூடான பகுதி இது. பக்கத்தில் இருக்கும் ஏர் ஏரியின் படுகை கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கிறது. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. நாட்டின் அந்த உச்சத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2022இல் மேற்குக் கரையில் உள்ள ஆன்ஸ்லோ சமன் செய்ததோடு சரி. வழி தேடுகிறவன் எவனாவது போயும் போயும் இந்த அடுப்புக்குள் வழி தேடுவானா?

போன ஜூலையில் இரண்டு குடும்பமாக அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போனோம். கூரையில் டென்ட், பின்னால் 80 லிட்டர் தண்ணீர் கேன். மகளுக்கு இருந்த ஒரே கேள்வி, "அப்பா, இன்னைக்கு எங்க குளிக்கப் போறோம்?" பாலைவனப் பயணத்தில் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். ஆனால் பாதை ஏன் அங்கே போகிறது என்பதற்கான பதில் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஊற்றுகள். ஏர் ஏரியின் தெற்கு ஓரத்தில் தொடங்கி வடமேற்காக, கோர்த்த மணி மாதிரி, நிலத்தடி நீர் தானாகவே மேலே வரும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. அராபனா மக்கள் அந்த வரிசையில்தான் ஆயிரக்கணக்கான வருடங்களாக நடந்தார்கள், பண்டமாற்று செய்தார்கள். 1859இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அதே வரிசையைப் பிடித்து வடக்கே போனார். 1862 ஜூலையில் வட கடற்கரையைத் தொட்டார். 1872இல் தந்திக் கம்பி, பிறகு ரயில்: 1884இல் மாரீ, 1891இல் ஊட்னடாட்டா, 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே. ஊற்று நீரில் உப்பு அதிகம் என்பதால் பாய்லர் கெடும். அதை மென்மையாக்க வைத்த இரும்புக் கோபுரங்கள் ஆளில்லாத ஸ்டேஷன்களில் இன்னும் நிற்கின்றன. 1980இல் ரயில் மேற்கே இடம் மாறியது. கரி எஞ்சின் காலம் முடிந்துவிட்டதால் அதற்கு ஊற்று தேவைப்படவில்லை. கூபர் பீடி வழியாகப் போகும் நெடுஞ்சாலையும் அப்படித்தான். தண்ணீரை லாரியிலும் பைப்பிலும் கொண்டுபோக முடிந்த பிறகுதான் மனிதர்கள் அந்த வரிசையை விட்டு விலகினார்கள்.

(ஒரு சின்ன இடைச்செருகல். அந்தத் தந்திக் கம்பி டார்வினில் கடலுக்குள் இறங்கி ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு வழியாக நம்ம மெட்ராஸில்தான் கரையேறியது. ஆஸ்திரேலியச் செய்தி லண்டன் போவதற்கு வழி அதுதான்.)

சரி, மழையே இல்லாத ஊரில் ஊற்று எப்படி? இதன் பெயர் மாபெரும் ஆர்ட்டீசியன் படுகை. சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கே குயின்ஸ்லாந்து மலைத்தொடரில் பெய்யும் மழை மணற்கல் அடுக்குக்குள் இறங்குகிறது. அந்த அடுக்கு மேற்கே சரிந்து, சில இடங்களில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது. அதற்கு மேலே நீர் புகாத களிக்கல் மூடி. ஓவர்ஹெட் டேங்க் மாடியில் இருக்கிறது, பைப் தரைக்கு அடியில் போகிறது, எங்கேயாவது ஓட்டை போட்டால் தண்ணீர் பீய்ச்சும்: இவ்வளவுதான் தத்துவம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள அழுத்த நீரை இரவு பகலாகப் பம்ப் பண்ணி இறக்கினால்தான் சுரங்கம் வெட்ட முடிகிறது. அதுவும் இதே இயற்பியல். படுகையின் மேற்கு ஓரத்தில் மூடி மெலிந்து, பாறையில் வெடிப்பு இருக்கும் இடங்களில் இயற்கையே ஓட்டை போட்டிருக்கிறது. அதுதான் அந்த மணி வரிசை.

மணற்கல்லுக்குள் நீர் வருடத்துக்கு 1 முதல் 5 மீட்டர் நகரும் என்கிறார்கள். கிழக்கிலிருந்து இங்கே வர ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10 லட்சம் மீட்டர். வேகமாக வந்தால் 2 லட்சம் வருடம், மெதுவாக வந்தால் 10 லட்சம் வருடம். நெட்வொர்க் லேட்டன்சி பற்றிப் புலம்புகிற தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கூச்சம் தந்தது. (மேற்கு ஓரத்திலேயே இறங்கும் நீரும் கொஞ்சம் கலக்கிறது; அது இளசு.) ஆழத்தில் போய் வருவதால் நீர் சூடாகவும் இருக்கிறது.

மாரீயிலிருந்து 130 கிலோமீட்டரில் வாப்மா கடார்பு என்ற காப்பகம். அராபனா மொழியில் பாம்பின் தலை என்று பொருள். அங்கே இருக்கும் 'பப்ளர்' ஊற்றில் அடி மணல் கொதிக்கிற உலை மாதிரி புரண்டுகொண்டே இருக்கிறது, தொட்டால் கொதிக்கவில்லை. ஊற்று ஒரு மேட்டின் உச்சியில் இருப்பதுதான் வேடிக்கை. சென்னை போர் தண்ணீரில் கீசருக்குள் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்பு மேலே வந்ததும் படிந்து, காற்று கொண்டுவரும் மணலோடு சேர்ந்து மேடாக வளர்கிறது. பக்கத்தில் ஹாமில்டன் குன்று அதைவிட உயரம். அது செத்துப்போன பழைய ஊற்று. அராபனா கதையில் அதுதான் பாம்பின் தலை, பப்ளரில் புரளும் மணல் அதன் உயிர் துடிப்பு. இங்கே குளிக்கக்கூடாது. மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

அதற்குப் பரிகாரம் சில கிலோமீட்டர் தள்ளி கவர்ட் ஸ்பிரிங்ஸில் கிடைத்தது. ஈச்சமர நிழலில் கேம்ப், நாலைந்து பேர் உட்காரும் மரத்தொட்டி, அதில் வெதுவெதுப்பான நீர். இங்கே 1886இல் ரயில்வே போட்ட போர்வெல்லின் குழாய் காலப்போக்கில் அரித்துப்போய், தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் வழிந்து, பெரிய நாணல் சதுப்பே உருவாகிவிட்டது. 1993இல் போரைச் சீர்செய்து, சதுப்பு பிழைக்கிற அளவுக்கு மட்டும் நீரை விட்டார்கள்.

இந்த ஒரு போரின் கதைதான் படுகை முழுவதற்குமான கதை. 1878இல் நியூ சவுத் வேல்ஸில் முதல் போர் போட்ட பிறகு, ஆடுமாட்டுப் பண்ணைகள் ஆயிரக்கணக்கில் துளைத்தன. பம்ப் வேண்டாம், கரண்ட் வேண்டாம், தானே வருகிறது. யார் மூடுவார்? மூடாமல் திறந்த வாய்க்காலில் மைல் கணக்கில் ஓடவிட்டார்கள். அதில் 95 சதவீதம் வரை ஆவியாகவும் கசிந்தும் வீணானது. எல்லாரும் டேங்கைத் திறந்துவிட்டால் மாடி வீட்டுக் குழாயில் என்ன வரும்? அழுத்தம் இறங்கியது, கிழக்கே பல ஊற்றுகள் நின்றே போயின. 1999இல் அரசுகள் சேர்ந்து போர்களை மூடவும் வாய்க்காலைப் பைப்பாக மாற்றவும் பணம் போட்டன. சில இடங்களில் அழுத்தம் திரும்பி ஏறியிருக்கிறது.

தெற்கே ஒலிம்பிக் டாம் செம்பு, யுரேனியச் சுரங்கமும் இதே படுகையிலிருந்து தினமும் 3 கோடி லிட்டருக்கு மேல் எடுக்கிறது. முதலில் போட்ட கிணறுகள் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் இருந்ததால் சில ஊற்றுகளில் வரத்து குறைந்தது. பிறகு பெரும்பகுதியைத் தள்ளிப் போட்ட கிணறுகளுக்கு மாற்றினார்கள். அராபனா மக்கள் பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் பார்வையில் அவர்கள் வாதம் எளிமையானது: மேய்ச்சல்காரன் விரயத்தை நிறுத்தலாம், சுரங்கம் கடல்நீரைச் சுத்திகரித்து வாங்கலாம், ஆனால் ஊற்றுக்கு வேறு டேங்க் கிடையாது. அந்த ஊற்றில் மட்டுமே வாழும் நத்தைக்கும் மீனுக்கும் கிடையாது.

அந்த மீன்களை நான் டல்ஹவுசியில் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, கடி வாங்கினேன். ஊட்னடாட்டாவிலிருந்து வடக்கே 180 கிலோமீட்டர். கல்லும் அலையலையான மண்ணும் கலந்த ரோடு. டயர் பிரஷரை இறக்கி, அரை நாளில் போய்ச் சேர்ந்தோம். சிம்ப்சன் பாலைவனத்தின் வாசலில் நாணல் சூழ்ந்த குளம். 34 முதல் 38 டிகிரி. வெளியே ஜூலை விடியல், கைவிரல் விறைக்கிறது. உள்ளே உடம்புச் சூடு. காலைச் சின்ன மீன்கள் மொய்த்துக் கொறிக்கும். டல்ஹவுசி ஹார்டிஹெட், டல்ஹவுசி கெளுத்தி என்று உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனங்கள். சோப்பு கூடவே கூடாது. பெயர் நம்ம வரலாற்றுப் பாடப் புத்தகத்து டல்ஹவுசி பிரபுவைச் சுற்றித்தான் வருகிறது: அவர் மகள், அப்போதைய தென் ஆஸ்திரேலிய ஆளுநரின் மனைவி. இருட்டியதும் கொசு, எழுதி மாளாது.

வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். காரணம் நெக்லீரியா ஃபோலெரி என்ற அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் வளரும், மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும், பிழைப்பது அபூர்வம். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்குதான் வழி. இந்த நோயை 1965இல் முதலில் விவரித்ததே தென் ஆஸ்திரேலியாவில்தான். அமீபாவின் பெயரில் இருப்பவர் அடிலெய்டு மருத்துவர் மால்கம் ஃபோலர். வெயிலில் தரைமேல் கிடந்த நீண்ட குழாய்களில் வந்த குடிநீரில் அது வளர்ந்திருந்தது. நோய் மிக மிக அரிது. ஆனாலும் கழுத்துவரை நீர் போதும்.

இங்கிருந்து வடக்கே போனால் குழாயமைப்பு முற்றிலும் வேறு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஸ்பிரிங்கே கிடையாது. 1871இல் தந்தி சர்வேயர்கள் ஊற்று என்று நினைத்தது, டாட் ஆற்றுப் படுகையில் பாறை தாங்கி நிற்கும் மடு. மேற்கு மெக்டானல் மலைகளில் எல்லரி, ஆர்மிஸ்டன் மடுக்களும் அப்படித்தான். வெள்ளம் வந்தபோது நிரம்பியது. செங்குத்தான பாறை நிழலில் வெயில் படாமல் ஆவியாகாமல் நிற்கிறது. ஆர்மிஸ்டனில் ஒரு முனை 14 மீட்டர் ஆழம். அதனால் கோடையிலும் மேலே இரண்டு அடிக்குக் கீழே ஐஸ். வெயிலில் நடந்து வந்தவன் அப்படியே குதித்தால் மூச்சு அடைக்கும்; நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான். என் மனைவி கணுக்கால் நனைத்ததும், "என்னங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டார். நானும் முழங்காலோடு சரி.

கடைசி நீச்சல் மாட்டரான்கா. டார்வினுக்குத் தென்கிழக்கே 420 கிலோமீட்டர். பனைமரங்களுக்கு நடுவே 34 டிகிரியில் கண்ணாடி மாதிரி நீர். தினமும் சுமார் 3 கோடி லிட்டர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருகிறது. இது ஆர்ட்டீசியன் படுகை இல்லை, வட மழைக்காலத்து நீர். ஊற்று ரோப்பர் ஆற்றில் போய்க் கலக்கிறது. ரோப்பரில் உப்புநீர் முதலை உண்டு. மழைக்காலத்தில் ஆறு பொங்கினால் முதலை குளத்துக்கே வரலாம் என்பதால் மூடிவிடுவார்கள். வறண்ட பருவத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான் திறப்பார்கள். வாசலில் அன்றைய நிலவரம் எழுதிய பலகை இருக்கும். மகள் அதை ஓடிப்போய்ப் படித்துவிட்டு அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.