அழித்த பிறகும் ஓடும் கோப்பு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் கேட்கிறார்: "கடைக் கம்ப்யூட்டரில் உபுண்டு. மற்றதெல்லாம் தானாக அப்டேட் ஆகிறது. பையன் தனியாக இறக்கிப் போட்ட ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?"

நிற்கத்தான் செய்யும். உபுண்டு தன்னிடம் சேர்க்கப்பட்ட களஞ்சியங்களிலிருந்து வந்ததை மட்டுமே கவனிக்கும். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தன்னைத்தானே புதுப்பிக்கத் தெரியும். ஆனால் பையன் போட்டது ரூட் (நிர்வாகி) உரிமையில் உள்ள கோப்புறை என்றால், அங்கே அதனால் எழுத முடியாது.

சரி, நாமே மாற்றலாம். லினக்ஸில் எனக்கு மிகப் பிடித்த விந்தை இங்கேதான் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழித்துவிடுங்கள். நிரல் பாட்டுக்கு ஓடும்! கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்புக்கு ஐநோடு என்று ஓர் எண் உண்டு. பெயர் அந்த எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றினாலும், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவருக்குச் சரக்கு நிறுத்துக் கொடுப்பார்களே, அப்படி. கடைசி நிரல் மூடும்வரை வட்டில் அந்த இடம் காலியாகாது.

இதை நம்பி, பழையது ஓடும்போதே அதன் மேல் புதியதைக் கொட்டக் கூடாது. பெரிய நிரல்கள் எல்லாப் பாகங்களையும் முதலிலேயே திறப்பதில்லை. பாதி பழசு, பாதி புதுசாகி நடுவில் விழுந்துவிடும். பதிப்பு எண்ணோடு தனிக் கோப்புறையில் விரியுங்கள். மெனு ஒரு சிம்லிங்க்கை, அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் பெயரை, பார்க்கட்டும். நிரலை மூடிவிட்டு அந்த லிங்க்கைப் புதியதன் பக்கம் திருப்புங்கள். சரிப்படவில்லையா, திரும்பப் பழையதற்கே மாற்றலாம்.

ஒரு சிக்கல்: 67ஆம் பதிப்பிலிருந்து (2019), புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும். ஆகவே புரொஃபைலை முதலில் நகல் எடுங்கள்.

இறக்கிய கோப்பின் கையொப்பத்தையும் பாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்திலேயே புகுந்து, பின்வாசல் வைத்த கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். தளம் சொன்னதை நம்பி இறக்கியவர்கள் ஏமாந்தார்கள்.

2001இல் இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கிய ஊர் திருவனந்தபுரம். இங்கே பூஜப்புரையிலுள்ள, கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கு லினக்ஸ் தருகிறது. அதில் படித்த பிள்ளைகள் கடைகளில் நிறுவித் தருகிறார்கள். நிறுவிய கையோடு போய்விடுகிறார்கள் என்பதே என் குறை. ஃபயர்ஃபாக்ஸ் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கொரு பதிப்பு விடுகிறது. ஆறு மாதம் கவனிக்காவிட்டால் அத்தனை பாதுகாப்புத் திருத்தங்களும் கைவிட்டுப் போயின. வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் அதே பிரவுசரில்தானே திறக்கிறீர்கள்?

இவ்வளவும் அலுப்பென்றால், 2024 முதல் மோசில்லாவே டெபியன், உபுண்டுவுக்குக் களஞ்சியம் நடத்துகிறது. பையனிடம் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். சிஸ்டத்தை அப்டேட் செய்யும்போது மற்றவற்றோடு இதுவும் அப்டேட் ஆகும்.