மரபுக் கணினி அமைப்புகளின் இணைப்பு: இடைமென்பொருளும் நேரடி வலைச்சேவையும் – இரயில்வே முன்பதிவு அமைப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நெடுங்காலமாக இயங்கிவரும் கணினி அமைப்பைப் புதிய பயன்பாடுகளோடு இணைக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டிற்கும் நடுவே இடைமென்பொருளை அமைத்தல். மற்றொன்று, பழைய அமைப்பே வலைச்சேவைகளை நேரடியாக வழங்குமாறு செய்தல். இந்திய இரயில்வேயின் பயணியர் முன்பதிவு அமைப்பைச் சான்றாகக் கொண்டு, எவ்விடத்தில் எவ்வழி பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபு அமைப்பு, இடைமென்பொருள், வலைச்சேவை, பரிவர்த்தனை, முன்பதிவு.

முன்னுரை

யானைக்கவுனிப் பாலத்தின் கீழே செல்லும் தண்டவாளங்கள் சென்னை சென்ட்ரலை அடைகின்றன. நிலையத்தை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்தில் முன்பதிவு மையம் உள்ளது. அங்கு வரிசையில் நிற்பவரும், வீட்டிலிருந்து கைப்பேசியில் பதிவு செய்பவரும் ஒரே வண்டியின் ஒரே படுக்கையைக் கோரக்கூடும். அது இருவருக்கும் ஒதுக்கப்படலாகாது. பணம் பெற்றபின் ஒருவருக்கும் ஒதுக்கப்படாமல் விடுபடவும் ஆகாது. இணைப்பு முறையைத் தேர்வதிலுள்ள அடிப்படைச் சிக்கல் இதுவேயாகும்.

மரபு அமைப்பின் இயல்பு

கணினிவழி முன்பதிவு 1985இல் தில்லியில் தொடங்கியது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்கள் அமைந்தன. 'கான்செர்ட்' என்னும் மென்பொருளின்வழி 1999இல் இவை ஐந்தும் ஒரே வலையமைப்பாயின. ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தில் சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதப்பட்ட இம்மென்பொருளுள் கட்டணம், ஒதுக்கீடு, காத்திருப்போர் பட்டியல் முதலிய விதிகள் உறைந்துள்ளன. ஆகவே, மரபு அமைப்பு என்பது பழுதடைந்த அமைப்பன்று. பிழை நேராமல் மாற்றுவதற்கு அரிய அமைப்பு எனக் கொள்ளலே பொருந்தும்.

இடைமென்பொருளின் பணி

கான்செர்ட், 'ரிலையபிள் டிரான்சாக்‌ஷன் ரவுட்டர்' என்னும் இடைமென்பொருளைப் பயன்படுத்துகிறது. சென்னைச் சாளரத்தில் எழும் கோரிக்கைக்குரிய தரவு வேறொரு மையத்தில் இருப்பின், அது அம்மையத்திற்கு வழிப்படுத்தப்படுகிறது. ஒரு பரிவர்த்தனையின் எல்லாப் படிகளும் நிறைவேற வேண்டும். இல்லையேல் ஒன்றும் நிறைவேறலாகாது என்பதே இவ்வகை மென்பொருளின் உறுதிப்பாடு. இணைப்பு இடையில் அறுந்தாலும் இவ்வுறுதி குலைவதில்லை.

வலைச்சேவையின் இயல்பு

வலைச்சேவை ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே பெற்று விடையளிப்பது. எம்மொழியில் எழுதப்பட்ட பயன்பாடும் அதனை எளிதில் அழைக்கலாம். இருக்கை நிலவரம், பயணச்சீட்டின் நிலை போன்ற வினவல்களுக்கு இது போதுமானது. ஆனால் எழுதும் செயல்களில் இடர் உண்டு. படுக்கை ஒதுக்கப்பட்டபின் விடை மட்டும் வழியில் தொலைந்தால், அழைத்த பயன்பாட்டிற்கு நடந்தது தெரியாது. அது மீண்டும் கோரினால் இரட்டைப் பதிவு நேரும். கோராது விட்டால் பணம் கழிந்தும் பயணச்சீட்டு கைக்கு வாராது. இதைத் தவிர்க்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வேண்டும். அவ்வெண் மீண்டும் வந்தால் முந்தைய விடையையே தரும் ஏற்பாடும் வேண்டும்.

தேர்வுக்குரிய அளவைகள்

முதலாவது, அமைப்புகளின் எண்ணிக்கை. பத்து அமைப்புகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தால் 45 இணைப்புகள் தேவை. நடுவில் ஓர் இடைமென்பொருள் இருப்பின் 10 போதும். இரண்டு, மூன்று அமைப்புகளே இருப்பின் இடைமென்பொருள் வீண்சுமையாகும். இரண்டாவது, பரிவர்த்தனையின் தன்மை. படித்தல் மட்டுமெனில் வலைச்சேவை போதும். பல இடங்களில் ஒருசேர எழுதுதல் வேண்டுமெனில் இடைமென்பொருள் ஏற்றது. மூன்றாவது, மூல நிரலைத் திருத்தவல்லோர் உள்ளனரா என்பது. அவர்கள் இன்றேல் நேரடி வலைச்சேவை அமைப்பது இடர்மிக்கது. நான்காவது, வருங்காலச் சார்பு. இடைமென்பொருளும் நாளடைவில் மரபு அமைப்பாகி, ஒரே விற்பனையாளரைச் சார்ந்து நிற்கும் நிலை வரலாம்.

முடிவுரை

இணையவழிப் பயணச்சீட்டு 2002இல் அறிமுகமானது. நிமிடத்திற்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த அதன் திறனை 7,200 ஆக உயர்த்தும் நோக்குடன் 2014இல் புதிய இணைய அமைப்பு வந்தது. அப்போதும் அடித்தள முன்பதிவு அமைப்பு நீடித்தது. விரைந்து மாறுவதை வெளியடுக்கிலும், பிழைக்கு இடந்தராததை உள்ளடுக்கிலும் வைக்கும் பகுப்பையே இது காட்டுகிறது. எனவே, இடைமென்பொருளா வலைச்சேவையா என அமைப்பு முழுமைக்கும் ஒரே விடை காண்பது பொருந்தாது. கோரிக்கைதோறும், 'விடை தொலைந்தால் இழப்பு யாருக்கு?' என்று வினவுதல் வேண்டும். இழப்பு பயணிக்கு எனில், பரிவர்த்தனையைக் காக்கும் அடுக்கை அகற்றலாகாது.