தென்னை காய்க்கும் வரை

ஆபத்து நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் மூளையின் தூண்டுதலால் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரந்து, இதயத் துடிப்பைக் கூட்டி, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தப்படுத்துகின்றன. ஆபத்து நீங்கியதும் அடங்க வேண்டிய இந்த ஏற்பாடு, கவலை ஆண்டுக்கணக்கில் நீளும்போது அடங்காமலே தொடர்வதுதான் நீடித்த மன அழுத்தம். (மனச்சோர்வையும் இதே பெயரால் குறிப்பது செய்தித்தாள்களின் வழக்கம், மனச்சோர்வு இதன் விளைவாகவும் வரக்கூடிய தனி நோய்.)

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு கடந்து கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரங்களில் தலைமுறைகளாக நின்ற தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஆனால், நெட்டை ரகத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதால், வாங்கிய கடனுக்கு வட்டியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் நிற்காமல் ஓடிய அந்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

உடல் அந்தக் கணக்கை விடுவதில்லை. இடைவிடாத அழுத்தத்தால் உறுப்புகளில் சேரும் தேய்மானத்தை அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மெக்யூவன் 1993-இல் 'அலோஸ்டேடிக் சுமை' என்று பெயரிட்டு விளக்கினார். ரத்த அழுத்தம் உயர்வதும், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமல் சர்க்கரை ஏறுவதும், இதய நோய்க்கு வழி திறப்பதும், தூக்கம் கலைவதும், நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி பாதிப்புறுவதும் அச்சுமையின் முகங்கள்.

ஆயினும் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் நிற்பவர் கவலையைச் சொல்வதில்லை; "தலை பாரமா இருக்கு, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, நெஞ்சு படபடங்குது" என்றே சொல்கிறார். பிரஷர் பார்க்கப்பட்டு, மாத்திரையும் கிடைத்துவிடுகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது பெரும் பேறு. வாசல்வரை வரும் பணியாளர் தூக்கத்தையும் கடனையும் பற்றி இரண்டு கேள்வி கேட்கும் வழக்கம் அத்துடன் சேர வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. கூச்சப்படுவோர் 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

புயலுக்கு மறு ஆண்டு நட்ட கன்றுகள் பாளைவிடும் பருவம் இது. என்றாலும், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி அறிவிக்கும்போது, அந்த இரவைக் கண்டவருக்குக் கீற்று உரசும் ஓசையே நெஞ்சை அடிக்கவைக்கப் போதும்.