வீட்டு கம்ப்யூட்டரில் கிதார்-பாட்டு பதிவு: "கிணத்துக்குள்ள பாடற மாதிரி" கேட்காமல் இருக்க என்ன செய்யலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர்,

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கே..."

வீட்டு கம்ப்யூட்டரில் பாடி பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்பும் வாலிபர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. உடனே கடன் வாங்கியாவது விலை கூடிய மைக் ஒன்றை வாங்கி விடுகிறார்கள். வாங்கிய பிறகும் கிணறு போவதில்லை. காரணம், கோளாறு மைக்கில் இல்லை. அறையில் இருக்கிறது.

வத்திராயிருப்பு அருகே மலை அடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம். சதுரகிரிக்கு செல்லும் பக்தர்கள் தாணிப்பாறைக்கு இந்த வழியாகத்தான் போகிறார்கள். (பாட்டு என்றதும், 'மகாராஜபுரம் சந்தானம் ஊரா?' என்று கேட்பவர்கள் உண்டு. அது தஞ்சை பக்கத்து மகாராஜபுரம். இது வேறு.) இதுபோன்ற ஊரில் இருந்து ஒரே ஒரு பாட்டுக்காக மதுரை ஸ்டூடியோவுக்கு போனால் பஸ் செலவு, வாடகை, ஒருநாள் சம்பளம் எல்லாம் போச்சு. வீட்டிலேயே நல்ல சவுண்டு எடுப்பது எப்படி? அதன் விவரம் வருமாறு:-

வீட்டு பின்புறத்தில் பிறந்த 'ரோஜா'

வீட்டில் பதிவு செய்வது மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். ஏ.ஆர்.ரகுமான் சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறத்தில் அமைத்ததுதான் 'பஞ்சதன்' ஸ்டூடியோ. 1992-ல் வந்த 'ரோஜா' பாடல்கள் அங்குதான் உருவாயின. அந்த முதல் படத்துக்கே அவருக்கு தேசிய விருது கிடைத்தது.

நம் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம். அங்குள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு மற்றவர்களின் குழுக்களில் கிதார் வாசித்தவர். அன்று பதிவு என்றால் பெரிய ஸ்டூடியோ, டேப், என்ஜினீயர் எல்லாம் வேண்டும். இன்று ஒரு லேப்டாப் போதும். 2000-ம் ஆண்டில் வெளியான 'ஆடாசிட்டி' சாப்ட்வேரை இப்போதும் காசு கொடுக்காமல் இறக்கிக் கொள்ளலாம்.

கைதட்டி பாருங்க

முதலில் அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டுங்கள். 'டங்' என்று ஒரு வால் நீண்டு கேட்டால் அந்த அறை பாடுவதற்கு ஆகாது. சிமெண்டு சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், இரும்பு பீரோ ஆகியவை சத்தத்தை பந்து மாதிரி திருப்பி அடிக்கும். நேராக வரும் குரலோடு, சுவரில் பட்டு திரும்பும் குரலும் மைக்கில் விழுகிறது. அதுதான் அந்த கிணறு.

சத்தத்தை உறிஞ்சுவது கனமான, மெத்தென்ற பொருட்கள். பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையம் பக்கத்தில் இதற்கு பஞ்சமே இல்லை. இரண்டு பஞ்சு மெத்தைகளை எடுத்து பாடுபவரின் முதுகுக்கு பின்னால் 'வி' வடிவில் நிறுத்துங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள்.

மெத்தை ஏன் முதுகுக்கு பின்னால்? மைக் பாடுபவரை பார்த்து இருக்கிறது. அதன் காது முன்பக்கம்தான். பாடுபவருக்கு பின்னால் உள்ள சுவரில் இருந்து வரும் எதிரொலி நேராக அந்த காதுக்குள் போகும். அதை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

முட்டை அட்டையை சுவர் முழுக்க ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது கீச்சு சத்தத்தை கொஞ்சம் குறைக்கும். மற்றபடி பெரிய பலன் இல்லை. சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் ஆபத்தும் உண்டு.

கரண்ட் போனால் சந்தோஷம்

அடுத்த எதிரி இரைச்சல். மின்விசிறி, பிரிட்ஜ், டியூப்லைட் சோக், இன்வெர்ட்டர் எல்லாமே பதிவில் 'ஊ' என்று ஊளையிடும். நம் காது பழகிவிட்டதால் கண்டுகொள்வதில்லை. மைக் விடாது.

ஒருவகையில் கரண்ட் கட் ஆகும் நேரம் பாடகனுக்கு நல்ல நேரம். பிரிட்ஜ் நிற்கும், பேன் நிற்கும், பக்கத்து வீட்டு டி.வி.யும் நிற்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் கரண்ட் வழியாக வரும் இரைச்சலும் குறையும். அந்த இரைச்சலை நிறுத்துகிறேன் என்று மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை மட்டும் யாரும் உடைக்கக்கூடாது. உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

மயில் அகவும் விடியற்காலை, சதுரகிரி கூட்டம் ஊரை நிறைக்கும் ஆடி அமாவாசை நேரம், கோவில் கொடை குழாய் ரேடியோ நாட்கள் ஆகியவற்றை தவிர்ப்பது நல்லது. ஊர் அடங்கிய பிறகு ராத்திரி 11 மணிக்கு மேல் உட்கார்ந்தால் நிம்மதி. லேப்டாப்பை மைக்கின் முதுகுப் பக்கம் வையுங்கள். அதன் விசிறி சத்தம் குறைவாகவே விழும்.

எந்த மைக்?

மைக்கில் முக்கியமாக இரண்டு ரகம். கண்டென்சர் மைக் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தனியாக தர வேண்டும். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. பக்கத்தில் வைத்து பாடினால் தூரத்து சத்தம் அதில் அமுங்கிவிடும். கச்சேரி மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்.எம்.58 இந்த ரகம்தான். 1966-ல் வந்த இந்த மைக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. பஞ்சு மெத்தை போட முடியாத, தெருவை ஒட்டிய வீடு என்றால் டைனமிக்கே மேல்.

மைக்கை கம்ப்யூட்டரில் உள்ள சின்ன துளையில் நேராக சொருகுவது சரியல்ல. அது பேசுவதற்கு வைத்த துளை, இரைச்சல் அதிகம். யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் 'ஆடியோ இன்டர்பேஸ்' பெட்டி ஒன்று வேண்டும். காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் இதற்கு செலவழிக்கலாம்.

கிதாரின் வாயில் வைக்காதீங்க

பலர் கிதாரின் நடுவில் உள்ள ஓட்டைக்கு நேராக மைக்கை வைக்கிறார்கள். அங்கே வருவது 'பும் பும்' என்ற கனத்த சத்தம். கம்பிகளின் தெளிவு அதில் மூழ்கிவிடும். கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு அருகே, 12-வது கட்டைக்கு நேராக, சுமார் ஒரு அடி தள்ளி வைத்து பாருங்கள். கனம் போதவில்லை என்றால் ஓட்டை பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் சவுண்டு மாறும். எனவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நகர்த்துங்கள். துருப்பிடித்த பழைய கம்பியை எந்த கம்ப்யூட்டரும் புதுசாக்காது. அதை முதலில் மாற்றிவிட்டு சுருதி சேருங்கள்.

பாடும்போது வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். 'ப' எழுத்து வரும்போது வாயில் இருந்து காற்று குத்தும். இதை தடுக்க கடையில் விற்கும் வடிகட்டிக்கு பதிலாக, எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய துணியை இரண்டு மூன்று மடிப்பாக மாட்டி மைக்குக்கு முன்னால் வைக்கலாம். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி கூட போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று சாய்த்து வைத்தாலும் குத்து குறையும்.

சிவப்பு எரிந்தால் போச்சு

பதிவு அளவு காட்டும் கோட்டில் சத்தம் உச்சத்துக்கு போகும்போதும் மைனஸ் 12-ல் இருந்து மைனஸ் 6-க்குள் நிற்க வேண்டும். பூஜ்ஜியத்தை தொட்டு சிவப்பு எரிந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை பிறகு முழுசாக ஒட்ட முடியாது. சத்தம் குறைவாக பதிந்தால் பிறகு ஏற்றிக் கொள்ளலாம்.

சாப்ட்வேரில் 24 பிட், 48 ஆயிரம் என்று வையுங்கள். வினாடிக்கு 48 ஆயிரம் தடவை சத்தம் அளக்கப்படுகிறது என்று அர்த்தம். 16 பிட்டில் அந்த அளவுக்கு 65 ஆயிரத்து 536 படிகள். 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். அதனால்தான் அளவை தாழ்த்தி வைத்தாலும் தரம் குறைவதில்லை. பைலை எம்.பி.3 ஆக இல்லாமல் 'வேவ்' பைலாக சேமியுங்கள். ஒரு மைக் பதிவு நிமிடத்துக்கு சுமார் 8.6 மெகாபைட் இடம் பிடிக்கும். அவ்வளவுதான்.

முதலில் கிதார், பிறகு குரல்

இரண்டையும் ஒரே நேரத்தில் பதிந்தால் குரல் மைக்கில் கிதாரும், கிதார் மைக்கில் குரலும் விழும். முதலில் தாள சத்தத்தை ஹெட்போனில் கேட்டபடி கிதாரை மட்டும் வாசியுங்கள். பிறகு அதை கேட்டுக்கொண்டே தனியாக பாடுங்கள். காதை முழுசாக மூடும் ஹெட்போன்தான் இதற்கு சரி. சேர்ந்து செய்தால்தான் உணர்ச்சி வரும் என்பவர்கள், ஒரு மைக் அதன் சத்தத்துக்கு எவ்வளவு தூரமோ, அதைப்போல மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக்கை வைக்க வேண்டும்.

பாடும்போது குரல் தாமதமாக காதில் விழுந்தால் தாளம் தப்பும். சாப்ட்வேரில் 'பப்பர்' என்ற எண்ணை 2048-ல் வைத்தால் அதிலேயே சுமார் 43 மில்லி வினாடி போய்விடும். 256 என்று குறைத்தால் சுமார் 5 மில்லி வினாடிதான். கம்ப்யூட்டர் திணறினால், இன்டர்பேஸ் பெட்டியில் உள்ள 'டைரக்ட்' பட்டனை போட்டுக்கொண்டால் தாமதமே தெரியாது.

கடைசியாக சேர்க்கும்போது குரலில் 80 ஹெர்ட்சுக்கு கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். பேன் உறுமல், தரை அதிர்வு போய்விடும். எக்கோவை அள்ளிப் போடாதீர்கள். சோற்றில் உப்பு மாதிரிதான். முடித்ததும் செல்போனில், டி.வி.யில், முடிந்தால் ஒரு காரில் போட்டு கேளுங்கள். மூன்றிலும் வார்த்தை புரிந்தால் பாட்டு தேறிவிட்டது.

பாட்டியின் குரல் காத்திருக்காது

இளைஞர்கள் தங்கள் பாட்டை இன்று சரியாக வரவில்லை என்றால் நாளை மறுபடி பாடலாம். ஆனால் நடவுப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும் மனப்பாடமாக தெரிந்த மூதாட்டிகள் இந்த பக்கத்து கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவற்றில் பல எந்த புத்தகத்திலும் இல்லை. நடவுக்கு இயந்திரம் வந்த பிறகு வயலில் பாட வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. அந்த குரல் போனால் பாட்டும் போய்விடும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பேனை நிறுத்தி, பின்னால் மெத்தையை நிறுத்தி, ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்து, சிவப்பு எரியாமல் பதிந்து விடுங்கள். பாட்டு எந்த ஊர், எப்போது பாடுவது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒரு பிரதியை பென்டிரைவிலும், இன்னொன்றை உறவினர் வீட்டு கம்ப்யூட்டரிலும் போட்டு வைப்பது நல்லது. மைக் இல்லை என்றால் செல்போன் கூட போதும். அதற்கும் மெத்தையும், நிறுத்திய பேனும் முக்கியம் என்பது குறிப்பிடத்தக்கது.