முதுகு வலிக்கு எந்த டாக்டர்? ஆறு வருஷம் தப்பாய்ப் போன ஒரு தேடல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்து இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் இருப்பவன். கிடைக்கிற நேரத்தில் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துக் குறிப்பு எடுப்பது பழக்கம். இந்தக் குறிப்பை எழுதக் காரணம் என் சித்தி மகன். அவன் பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

எங்க ஊர் சடையங்குப்பம். புழல் ஏரி உபரி நீர் எண்ணூர் பக்கம் போகிற வழியில் இருக்கிற ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லார் வீட்டிலும் பீரோ, கட்டில், கிரைண்டர் என்று தூக்கி மேலே வைத்தோம். தம்பிக்கு அப்போ 23 வயது, கண்டெய்னர் யார்டில் லோடுமேன். அந்த வாரத்துக்கு அப்புறம் அவனுக்கு இடுப்புக்குக் கீழே வலி ஆரம்பித்தது. காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்ததால் யாரும் வேற எதையும் யோசிக்கவில்லை. "மூட்டை தூக்குறவனுக்கு முதுகு வலிக்காம தலையா வலிக்கும்?" என்றார் சித்தப்பா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வட சென்னையில் இது ஒரு பெரிய பிரச்சினை. துறைமுகம், யார்டு, ஆலை என்று உடம்பு உழைப்பு அதிகமான இடம். பத்து பேருக்கு முதுகு வலி என்றால் பெரும்பாலானவர்களுக்கு அது சுளுக்கு, தசைப் பிடிப்புதான். சில வாரத்தில் சரியாகிவிடும். அதனாலேயே, வேறு வகை வலியோடு வருகிற அந்த ஒருத்தர் கூட்டத்தில் மறைந்துவிடுகிறார்.

ஆறு வருஷம் எப்படிப் போனது?

முதலில் தெருமுனை கிளினிக்கில் ஊசி. பிறகு எண்ணெய்க் கட்டு. அப்புறம் எலும்பு டாக்டர். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 இடத்தில் லேசாக டிஸ்க் பல்ஜ் என்று வந்தது. அவ்வளவுதான், எல்லாருக்கும் விடை கிடைத்துவிட்டது. பெல்ட், டிராக்ஷன், பெட் ரெஸ்ட். இன்னொரு இடத்தில் ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போனது.

இங்கே என் தப்பையும் எழுதணும். டிஸ்க் பற்றி நாலு கட்டுரை படித்துவிட்டு, "வேலைய விட்டுட்டு ஆறு மாசம் படுத்து ரெஸ்ட் எடுடா" என்று அவனிடம் சொன்னவன் நான்தான். படுக்கப் படுக்க அவனுக்கு வலி கூடியது. "அண்ணா, படுத்தாதான்ணா வலிக்குது. வேலைக்குப் போனா பரவாயில்ல" என்று அவன் ரெண்டு தடவை சொன்னான். நான் அதை வேலை போய்விடும் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நோயின் பெயரையே அவன் சொல்லிக்கொண்டிருந்தான், எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

2021 கடைசியில் அவனுக்கு ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போனான். அவர் பார்த்துவிட்டு, இது கண்ணுக்குள் வருகிற அழற்சி, யுவியைடிஸ் என்றார். அடுத்த கேள்வி: "தம்பி, உனக்கு முதுகு வலி இருக்கா? காலைல எழுந்ததும் பலகை மாதிரி இருக்கா?" ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் "எங்கே வலிக்குது" என்பதை விட்டுவிட்டு "எப்போ வலிக்குது" என்று கேட்டார். அவர்தான் ரூமட்டாலஜிஸ்டிடம், அதாவது மூட்டுவாத நோய் நிபுணரிடம், அனுப்பினார்.

நோய் என்ன?

ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். நம்ம ஊரில் கழுத்து வலி என்றாலே "எனக்கு ஸ்பாண்டிலைடிஸ்" என்பார்கள். அது பெரும்பாலும் ஸ்பாண்டிலோசிஸ், வயதாகிற தேய்மானம். இது வேற. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்குகிற அழற்சி. முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேர்கிற சேக்ரோஇலியாக் மூட்டில்தான் வழக்கமாகத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு வளையாமல் போகும். தம்பிக்கு அந்த மூட்டு ஓரளவு ஒட்டியே விட்டது. அது திரும்ப வராது.

பல நாட்டு ஆய்வுகளிலும் முதல் வலிக்கும் சரியான கண்டுபிடிப்புக்கும் நடுவே சராசரியாகப் பல வருஷ இடைவெளி இருக்கிறது. தாமதம் ஏன் என்று நான் குறித்து வைத்தவை:

ஒன்று, எம்.ஆர்.ஐ. தப்பான இடத்தில் எடுக்கப்படுகிறது. வழக்கமான லம்பார் எம்.ஆர்.ஐ. டிஸ்க்கைப் பார்க்க எடுப்பது. சேக்ரோஇலியாக் மூட்டை முறையாகப் பார்க்க அதற்கென்று தனியாக எடுக்கணும். சாதா எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல வருஷம் ஆகலாம்.

இரண்டு, டிஸ்க் பல்ஜ் என்ற வார்த்தை. 2015இல் பிரிஞ்சிக்ஜி குழு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 40 வயதில் 50 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! ஆக ரிப்போர்ட்டில் பல்ஜ் இருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகாது. எங்க தொழிலில் லாக் ஃபைலில் முதலில் கண்ணில் படுகிற வார்னிங்கைப் பிடித்துக்கொண்டு நிஜமான பக்கைக் கோட்டை விடுவோமே, அதே கதை.

மூன்று, ரத்தப் பரிசோதனை. எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பி27 உள்ள பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை. இல்லாத சிலருக்கும் நோய் வருகிறது. சி.ஆர்.பி. நார்மலாக இருந்தாலும் நோய் இருக்கலாம். ஒரே ஒரு டெஸ்டை வைத்து ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாது.

நான்கு, இது ஆண்கள் நோய் என்ற பழைய எண்ணம். பெண்களுக்கும் வருகிறது. அவர்களுக்குத் தெரியவர இன்னும் தாமதமாகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

மூன்று மாசத்துக்கு மேல் முதுகு வலி, அது 45 வயதுக்குள் ஆரம்பித்திருந்தால் இவற்றைப் பாருங்கள். மெதுவாக ஆரம்பித்ததா? காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விறைப்பு இருக்கிறதா? நடந்தால், வேலை செய்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? பிட்டத்தில் ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை வலது பக்கம் என்று மாறி வருகிறதா? கண் அழற்சி, சொரியாசிஸ், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குதிகால் வலி, குடும்பத்தில் யாருக்காவது இதே நோய்? இவற்றில் சில ஆமாம் என்றால் பார்க்க வேண்டியது ரூமட்டாலஜிஸ்டை.

தம்பிக்கு அங்கே முதலில் நடந்த பரிசோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு டேப்தான். ஷோபர் டெஸ்ட் என்று பெயர். நிற்கும்போது கீழ் முதுகில் 15 சென்டிமீட்டர் அளந்து குறி வைப்பார்கள். குனிந்தால் அந்த இடைவெளி வழக்கமாக 20 சென்டிமீட்டராவது ஆகணும். தம்பிக்கு 17 கூட வரவில்லை. அதற்கப்புறம்தான் எம்.ஆர்.ஐ.யும் ரத்தப் பரிசோதனையும்.

எல்லா வலியும் இது என்று சொல்லவில்லை. காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வையோடு முதுகு வலி என்றால் முதலில் எலும்பு டி.பி. இருக்கிறதா என்று பார்க்கணும். கால் பலவீனம், மறைவிடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு. மின்சாரம் மாதிரி வலி காலில் இறங்கினால் நரம்பு, டிஸ்க் பக்கம் பார்ப்பது நியாயம். எல்லாம் தேடியும் ஒரு காரணம் கிடைக்காத நாள்பட்ட வலியும் உண்டு. அதுவும் கற்பனை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல் 2022 முதல் அதைத் தனி நோயாகவே ஏற்கிறது. அதற்கு வலி சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள்.

எங்கே போவது?

போர்டில் "மூட்டு ஸ்பெஷலிஸ்ட்" என்று இருந்தால் பெரும்பாலும் எலும்பு அறுவை டாக்டர். ரூமட்டாலஜி என்றால் பொது மருத்துவத்துக்கு மேலே டி.எம். அல்லது அதற்கு இணையான படிப்பு. பெயருக்குப் பின்னால் பாருங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே இருக்கிறது. திருவொற்றியூர், விம்கோ நகர்க்காரர்கள் மெட்ரோவில் நேரே போகலாம். வேலூர் சி.எம்.சி.யிலும் தனித்துறை உண்டு.

போகும்போது ஒரே ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். எப்போ ஆரம்பித்தது, எந்த நேரத்தில் கூடுகிறது, எதனால் குறைகிறது, என்னென்ன மருந்து சாப்பிட்டு என்ன ஆனது. பத்து வருஷ ஃபைலை மேஜையில் கொட்டினால் ஓ.பி. கூட்டத்தில் யாருக்கும் படிக்க நேரமில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இது இல்லேன்னா வேற என்னவா இருக்கலாம்? அப்போ யாரைப் பார்க்கணும்?" நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

சிகிச்சை இருக்கிறது. உடற்பயிற்சி, அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகள், புகையை விடுவது, இவைதான் அடிப்படை. மாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கலாம் என்பதால் டாக்டர் கண்காணிப்பில்தான் எடுக்கணும். அதில் அடங்காவிட்டால் அடாலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகள். இதன் உள்நாட்டு வடிவம் 2014 டிசம்பரில் வந்த பிறகு விலை இறங்கியது. இந்த ஊசி போடும் முன் மறைந்திருக்கும் டி.பி. இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள்.

தம்பி இப்போ லோடு வேலையில் இல்லை, அதே யார்டில் கணக்கு எழுதுகிறான். காலையில் நாற்பது நிமிஷம் பயிற்சி செய்கிறான். மகளைத் தூக்க முடிகிறது, ஆனால் குனிந்து ஷூ லேஸ் கட்ட உட்காரணும். 2016இல் கண்டுபிடித்திருந்தால் அதுவும் வேண்டியிருந்திருக்காது என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. அவன் என்னைக் குறை சொன்னதே இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது "படுத்தாதான் வலிக்குது" என்று சொன்னால், என்னை மாதிரி பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். எப்போ வலிக்குது என்று கேளுங்கள்.