பாதரசம் போகும், தங்கம் நிற்கும்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். அவர்களுடைய நாட்டில், பதினாறாம் லூயி மன்னர் காலத்தில் (1774–1792), பணக்கார வீட்டுச் சுவர்களில் ஜோடி ஜோடியாக மெழுகுவத்தி விளக்குகளை மாட்டிவைப்பார்கள். இலைக்கொடி, பூச்சரம், ஆட்டுத்தலை என்று பழைய கிரேக்க, ரோமானிய பாணி வேலைப்பாடு. உள்ளே வெண்கலம், மேலே தங்கம்.

அந்தத் தங்கம் எப்படி ஒட்டியது? பசை கிடையாது. உருக்கி ஊற்றவும் இல்லை. எல்லாம் பாதரசத்தின் வேலை.

தங்கம் என்றால் பாதரசத்துக்குக் கொள்ளைப் பிரியம். மெல்லிய தங்கத் துண்டுகளைச் சூடான பாதரசத்தில் போட்டால் கரைந்தே போகும். தோலில் கட்டிப் பிழிந்தால் மிஞ்சிய பாதரசம் வடிந்து, வெண்ணெய் மாதிரி வெள்ளை விழுது நிற்கும். (பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் தங்க மோதிரத்தோடு பக்கத்திலேயே போகாதீர்கள். மோதிரமும் வெளுத்துவிடும்!)

விழுதை வெண்கலத்தில் பூசிக் கரிநெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் கொதிக்க 357 டிகிரி செல்சியஸ் போதும். தங்கம் உருக 1064 வேண்டும். ஆகவே பாதரசம் ஆவியாகிவிட, தங்கம் வெண்கலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் மங்கலாகத்தான் இருக்கும். வேண்டிய இடத்தை மட்டும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இலை விளிம்பு மட்டும் பளிச்சென்று மின்னுவது அதனால்தான்.

சரி, அந்த ஆவி எங்கே போனது? தொழிலாளியின் மூச்சுக்குள். அதற்கு மணமே கிடையாது. நாளாக ஆகக் கை நடுங்கும், ஈறு வீங்கும், பல் ஆடும். பாரிஸில் வெண்கலப் பட்டறை வைத்திருந்த ராவ்ரியோ, இதற்கு வழி கண்டுபிடிப்பவருக்கு 3000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதிவிட்டு 1814இல் இறந்தார். பரிசை வென்றவர் டார்சே என்ற வேதியியலாளர். அவர் செய்தது மந்திரமில்லை, ஆவியை நன்றாக இழுத்துக்கொள்ளும் புகைபோக்கி! பட்டறைத் தொழிலாளர்கள் பிழைத்தார்கள், ஆவி ஊர்க்காற்றில் கலந்தது வேறு கதை.

1840இல் மின்சாரத்தால் தங்கம் பூசும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்தது. நம் ஊர் கடைகளில் தொங்கும் கவரிங் நகைகளும் பெரும்பாலும் இந்த வழிதான். பூச்சு ரொம்ப மெல்லியது. கொஞ்ச நாள் போட்டால் உள்ளே இருக்கும் செம்பு பல்லிளிக்கும். நெருப்பில் பூசிய தங்கமோ தடிமனானது. இருநூறு வருஷம் தாண்டியும் பல விளக்குகளில் அப்படியே இருக்கிறது.